வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு

டிஜிட்டல் காமிரா வைத்திருக்கும் நண்பர்களில் பலர், அதன் திரையின் ஓரத்தில் தோன்றும் சின்னஞ்சிறு மலைப் படத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஹிஸ்டோகிராம் என்று அதற்குப் பெயர். எடுத்த படத்தில் இருண்ட புள்ளிகள் எத்தனை, மங்கலானவை எத்தனை, பளிச்சென்று இருப்பவை எத்தனை என்று எண்ணி, இடது கோடியிலிருந்து வலது கோடி வரை அடுக்கிக் காட்டும் கணக்கு அது. "படந்தான் கண்ணெதிரே தெரிகிறதே, அப்புறம் கணக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடிப் போனால், வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் என்ற சிற்றூரில் போய் நிற்க வேண்டியிருக்கும். போகிற வழியில் சென்னை நுங்கம்பாக்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

வெளிச்ச விஷயத்தில் நம் கண்ணைப் போலப் பொல்லாத சாட்சி வேறு கிடையாது. பௌர்ணமி நிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். கண்ணுக்கு அப்படியா தோன்றுகிறது? இருட்டுக்குப் போனால் இருட்டுக்குத் தக்கபடியும், வெயிலுக்குப் போனால் வெயிலுக்குத் தக்கபடியும் அது தன்னை மாற்றிக்கொண்டுவிடும். இந்தக் குணத்தை ஒழுங்கான அளவுக்குள் கொண்டுவந்தவர் நார்மன் போக்ஸன் என்ற ஆங்கிலேயர். நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பழைய காலத்திலிருந்தே பிரித்து வந்தார்கள் அல்லவா? முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம் என 1856-ல் அவர் சொன்னார். அப்படியானால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. காமிராக்காரர்கள் ஒரு 'ஸ்டாப்' என்கிறார்களே, அது இரண்டு மடங்கு; கிட்டத்தட்ட அதே சங்கதிதான். 1861-ல் போக்ஸன் நுங்கம்பாக்கம் வானாராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். 1891-ல் சென்னையிலேயே காலமானார். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு நட்சத்திரத்தை 1867-ல் கண்டுபிடித்தார். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் சென்னையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த மரபு பிறகு கோடைக்கானலுக்குப் போயிற்று. அங்கே சூரியனைப் பார்க்க வசதி. ஆனால் இரவில் நட்சத்திரங்களைப் பார்க்க மேகமும் மூடுபனியும் விடுவதில்லை. 1960-ல் அங்கே தலைமைப் பொறுப்பேற்ற வைணு பாப்பு, நல்ல இருட்டு எங்கே கிடைக்கும் என்று தென்னாட்டில் தேடினார். ஊர்களில் வெளிச்சம் வேண்டும் என்று மனுப்போடும் காலத்தில் இருட்டைத் தேடி அலைந்த ஒரு மனிதர்! கதாசிரியர்கள் எவருக்கும் இப்படி ஒரு பாத்திரம் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். சுமார் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரக் காட்டுக்கு நடுவே, காவலூரில் அந்த இருட்டு கிடைத்தது. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டது.

1977 மார்ச் 10-ம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு மங்கிய நட்சத்திரத்தின் குறுக்கே போக இருந்தது. அப்போது காவலூரில் பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இரு விஞ்ஞானிகள் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். ஒளிமானி படம் எடுப்பதில்லை. விழும் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும். அது கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான். கிரகம் நட்சத்திரத்தை நெருங்கும் முன்பே, சில விநாடிகள் மட்டும் கோடு சடாரென்று கீழே இறங்கி, மறுபடி ஏறியது. ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது!

அதே இரவில் இந்து மகாசமுத்திரத்துக்கு மேலே, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றுடன் ஜேம்ஸ் எலியட் என்ற அமெரிக்கரும் அவருடைய சகாக்களும் பறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கோடு கிரகத்துக்கு முன்னால் ஐந்து முறையும், கடந்த பின்னால் ஐந்து முறையும் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியதால், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது புலனாயிற்று. காவலூர்க்காரர்கள் முதலில் வெளியிட்ட அறிக்கை, யுரேனஸுக்குப் புதிய உபகிரகம் ஒன்று என்றுதான் சொன்னது. கணக்கு பொய் சொல்லவில்லை; அதை உபகிரகம் என்று வாசித்தது மனிதர்தாம். அதே ஆண்டிலேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் தங்கள் பதிவைக் கொண்டு, சனியைப் போல யுரேனஸுக்கும் வளைய மண்டலம் உண்டு என்று எழுதினார்கள். அந்த வளையங்களை வாயேஜர் 2 விண்கலம் அருகிலிருந்து படம் பிடித்தது 1986 ஜனவரியில். அதே மாதம் 6-ம் தேதிதான் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார்.

பிறகு படத்தகடு போய் சி.சி.டி. வந்தது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சில்லு அது. நம் டிஜிட்டல் காமிராவுக்கு வழி வகுத்ததும் அதுவே. முற்றத்தில் நூறு குவளைகளை வரிசையாக வைத்து மழை பிடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தக் குவளையில் எவ்வளவு நீர் என்று அளந்து சொல்லிவிடலாம், நிரம்பி வழியாத வரையில். வழிந்துவிட்டால் அந்தக் குவளை எதையும் சொல்லாது. ஹிஸ்டோகிராமில் மேடு வலது சுவரில் போய் முட்டி நின்றால் இதுதான் அர்த்தம்: கல்யாணப் பெண்ணின் தலையில் மல்லிகைச் சரம் தனித்தனிப் பூவாக இல்லை, ஒரே வெள்ளைத் திட்டாகப் போய்விட்டது. வெயிலில் திரை மங்கித் தெரியும், இருட்டறையில் ஜொலிக்கும். அதை நம்பி வெளிச்சம் கூட்டுகிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான். பல காமிராக்களில் இந்தக் கணக்குகூடத் திரைக்காகப் பதப்படுத்திய படத்தின் கணக்கே என்பதால், கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துவது நல்லது.

மேடு நடுவில்தான் இருக்க வேண்டும் என்றும் சிலர் உபதேசிக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. காவலூரில் எடுக்கும் வானத்தின் படத்தில் புள்ளிகள் அநேகமாக எல்லாம் இடப்பக்கம் குவிந்திருக்கும்; அந்த மேடுதான் வானத்தின் இருட்டு. அதற்கு வலப்பக்கம் ஆங்காங்கே சிதறியிருப்பவை நட்சத்திரங்கள். மலைக்குக் கீழே ஊர்களில் விளக்குகள் பெருகப் பெருக, அந்த இருட்டு மேடு கொஞ்சங் கொஞ்சமாக வலப்பக்கம் நகரும். அதை ஒட்டியிருக்கும் மங்கிய நட்சத்திரங்கள் முதலில் அதற்குள் மூழ்கும்.