பத்துமலைப் பாறை ஏற்றம்: ஏறும் முன் இறங்கக் கற்றுக்கொள்வோம்

கோலாலம்பூர் – பத்துமலை என்றதும் நம் மக்களுக்கு 272 படிகளும் தைப்பூசக் காவடிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே சுண்ணாம்புக் குன்றின் மறுபக்கத்தில் வார இறுதிகளில் வேறொரு கூட்டத்தைக் காணலாம். இடுப்பில் பட்டையும் தோளில் கயிறுமாக வரும் பாறை ஏறிகள் அவர்கள். டாமாய், நன்யாங், நியாமுக் எனப் பெயரிட்ட பாறைச் சுவர்கள் பத்துமலையில் அவர்களிடையே பிரபலம். ரவாங் வட்டாரத்தில் உள்ள புக்கிட் தாகூனும் அப்படிப்பட்ட இன்னொரு தலம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கமுள்ள கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் பத்துமலையிலேயே இறங்கலாம். பண்டார் உத்தாமாவில் ஒன் உத்தாமா பேரங்காடிக்குள் கேம்ப் ஃபைவ் என்ற உள்ளரங்கு ஏற்றக்கூடமும் உண்டு. உள்ளரங்கில் பழகியவர்கள் பிறகு இயற்கைப் பாறைக்குப் போக ஆசைப்படுவது இயல்பு. அங்குதான் கவனம் தேவை. உள்ளரங்கில் மெத்தை உண்டு, பணியாளர் உண்டு. பாறையில் ஏறுபவரும் கீழே கயிறு பிடிப்பவரும் மட்டுமே ஒருவருக்கொருவர் துணை.

எதனால் விபத்து நேர்கிறது?

கை வழுக்கி விழுவதை மட்டுமே பலர் ஆபத்து என்று நினைக்கிறார்கள். முறையாகக் கட்டிய கயிறு அந்த வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கடும் விபத்துகளில் பல, மனிதர் மறதியால் வருபவை.

அமெரிக்க வீராங்கனை லின் ஹில் இதற்குச் சான்று. கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையின் 'நோஸ்' தடத்தை, உபகரணத்தைப் பிடித்து ஏறாமல், கை கால் பலத்தால் மட்டுமே முதன்முதலில் 1993இல் ஏறியவர் அவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1989இல் பிரான்சில், கயிற்றை இடுப்புப் பட்டையில் கோத்துவிட்டு முடிச்சைப் போட்டு முடிக்க மறந்தார். உச்சியை அடைந்து கயிற்றில் சாய்ந்தவர் 70 அடிக்கு மேல் கீழே விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். உலகின் முன்னணி வீராங்கனைக்கே நேர்ந்தது புதியவருக்கு நேராது என்று சொல்ல முடியாது.

பழைய உபகரணமும் ஆபத்து. அனுபவமிக்க அமெரிக்க ஏறுநர் டாட் ஸ்கின்னர் 2006இல் யோசெமிட்டியில் இறந்தார். தேய்ந்துபோன இடுப்புப் பட்டையின் வளையம் அறுந்ததே காரணம். பட்டையில் நூல் பிரிந்திருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டும்.

தரையிலேயே செய்ய வேண்டியவை

ஒருவரை ஒருவர் சோதிப்பது முதல் விதி. ஏறுபவரின் எட்டு முடிச்சு, இருவரின் பட்டைக் கொக்கி, பிலே கருவியில் கயிறு சென்றுள்ள முறை, கராபினரின் திருகுப் பூட்டு ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். பிலே என்பது ஏறுபவர் விழாதபடி கீழிருப்பவர் கருவி வழியாகக் கயிற்றைப் பிடித்திருப்பது.

கயிற்றின் மறுமுனையில் ஒரு தடுப்பு முடிச்சு அவசியம். 60 மீட்டர் கயிறு மேலே போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 30 மீட்டர் உயரம் வரைதான் ஒருவரை இறக்க முடியும். அதைவிட உயரமான தடத்தில் முடிச்சு இல்லையென்றால் கயிற்றின் நுனி பிலே கருவியை விட்டு நழுவிவிடும். மேலே இருப்பவர் நேராகத் தரைக்கு வருவார்.

ஹார்ட்வேர் கடை நைலான் கயிறும், லோரியில் சாமான் கட்டும் கயிறும் இதற்கு உதவா. பாறை ஏறும் கயிறு வீழ்ச்சியின்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத கயிறோ அந்த அதிர்ச்சி முழுவதையும் உடம்பின் மேல் இறக்கும்.

பேச்சிலும் தெளிவு வேண்டும். "சரி" என்ற ஒரு சொல் "பிடித்துக்கொள்" என்றும் "விட்டுவிடு" என்றும் கேட்கக்கூடும். மேலே போனதும் நண்பர் தன்னை இறக்குவாரா, தானே கயிற்றில் இறங்குவதா என்பதை ஏறும் முன்பே பேசி முடிக்க வேண்டும். தானாக இறங்குவார் என்று எண்ணிக் கீழிருப்பவர் கயிற்றை விட்டுவிடும் விபத்து உலகெங்கும் நடப்பது.

சிக்கிக்கொண்டால் உதவும் நான்கு திறன்கள்

முதலாவது, கையை விடுவித்துக்கொள்வது. மேலே நண்பர் காயமடைந்து தொங்கும்போது கீழிருப்பவரின் கை கயிற்றிலேயே மாட்டிக்கொள்ளும். கயிற்றை மியூல் முடிச்சால் பூட்டி, அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டால் இரு கைகளும் விடுபடும். அதன் பிறகே தொலைபேசியை எடுக்கலாம்.

இரண்டாவது, புருசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் இதை அறிமுகம் செய்தார். 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறுகயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்று சுற்ற வேண்டும். பாரம் விழுந்தால் இறுகும். பாரம் நீங்கினால் கையால் தள்ளலாம். இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு இருந்தால் தொங்கும் கயிற்றிலேயே மேலேறலாம். கயிறு ஈரமாக இருந்தால் இன்னொரு சுற்று கூட்ட வேண்டும்.

மூன்றாவது, தற்காப்போடு இறங்குவது. இறங்கு கருவிக்குக் கீழே ஒரு புருசிக் இருந்தால், கல் விழுந்தோ குளவி கொட்டியோ கை நழுவினாலும் அது பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, கருவி இல்லாமல் சமாளிப்பது. பிலே கருவி கைதவறி விழுந்துவிட்டால், பூட்டுள்ள அகலமான கராபினரில் முன்டர் முடிச்சைப் போட்டு நண்பரைப் பிடிக்கலாம், இறக்கலாம்.

இந்த நான்கையும் படித்து மட்டும் செய்ய முடியாது. தகுதியுள்ள பயிற்றுநரின் மேற்பார்வையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலமுறை பழக வேண்டும்.

தொங்குபவருக்கு நேரம் குறைவு

பட்டையில் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கும். நினைவிழந்தவர் அப்படியே தொங்குவது நிமிடக் கணக்கில் உயிராபத்தாகிவிடும். நினைவுடன் இருப்பவர் கால்களை அசைத்துக்கொண்டும், பாறையில் ஊன்றிக்கொண்டும் இருக்க வேண்டும். நினைவிழந்தவரை இயன்ற அளவு விரைவாக இறக்கிப் படுக்க வைத்து, மூச்சைக் கவனிக்க வேண்டும். முதுகில் அடிபட்டவரைத் தேவையில்லாமல் அசைக்கக் கூடாது.

மீட்புக்கு 999 எண்ணை அழைக்க வேண்டும். பாறைச் சுவரின் பெயர், கார் நிறுத்துமிடம், காயமடைந்தவர் தரையில் உள்ளாரா உயரத்தில் உள்ளாரா என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒருவர் சாலைக்குச் சென்று பொம்பா வீரர்களுக்கு வழிகாட்டலாம். காட்டுக்குள் தொலைபேசி அலை கிடைக்காவிட்டால் ஊதலை நிமிடத்திற்கு ஆறு முறை ஊதுவது அனைத்துலக அபாய அடையாளம்.

நம் பாறை, நம் வானிலை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். காலையில் ஏறி, வானம் கறுக்கும் முன் இறங்குவது நல்லது. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைப்பதால் கற்கள் தளர்ந்திருக்கும். கயிறு பிடிப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

பாறையில் அறைந்த போல்ட்களையும் பார்க்க வேண்டும். தாய்லாந்தின் கிராபி கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்கள்கூட முறிந்ததால் டைட்டானியம் போல்ட்களுக்கு மாறினார்கள். துருவேறிய, ஆடுகிற போல்ட்டைக் கண்டால் அந்தத் தடத்தை விட்டுவிடுவதே சரி.

பிள்ளைகள் பாறை ஏறப் போகிறேன் என்றால் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. யாரிடம் கற்றாய், உன் கயிற்றைப் பிடிப்பவர் யார், எத்தனை மணிக்கு இறங்குவாய் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பிறகு அனுப்பி வைக்கலாம்.