அஜந்தாவைக் கண்டவர்களும் காட்டியவர்களும்

மும்பை, புனே, நாகபுரி முதலிய நகரங்களில் குடியமர்ந்துள்ள தமிழர் இல்லங்களுக்குத் தாயகத்திலிருந்து விருந்தினர் வந்துவிட்டால், அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்ற ஆலோசனை முதல் நாள் இரவே தொடங்கிவிடும். அதில் அஜந்தாவின் பெயர் அடிபடாமல் இராது. ஜல்காங் நிலையத்தில் இறங்கினால் சுமார் 60 கிலோமீட்டர். ஔரங்காபாத் என்று நெடுங்காலம் வழங்கி, 2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரிலிருந்து சென்றால் சுமார் 100 கிலோமீட்டர். சென்று பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், எடுத்த படங்களை ஊரிலுள்ளோர்க்கு அனுப்பிவைக்கிறோம். தாம் கண்டதைப் பிறர்க்கும் காட்ட வேண்டும் என்னும் இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. அஜந்தா உலகப் புகழ் பெற்றதே அந்த ஆசையால்தான். அஜந்தாவுக்கு நேர்ந்த சேதங்களுள் சில அதே ஆசையால் விளைந்தவை என்பதையும் நாம் மறைத்துப் பேசுதல் தகாது.

வாகோரா என்னும் சிற்றாறு குதிரை லாடம்போல் வளைந்து செல்லும் பள்ளத்தாக்கு ஒன்றில், செங்குத்தான மலைப் பாறையைக் குடைந்து அமைத்தவை இக்குகைகள். தொகை 30. இவற்றுள் பழையவை கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மற்றவை பெரும்பாலும் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில், வாகாடக மன்னன் ஹரிஷேணன் காலத்தில் எழுந்தவை. பதினாறாம் குகையை வெட்டுவித்தவன் அம்மன்னனுடைய அமைச்சன் வராகதேவன் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்கும் வழிபடுவதற்கும் ஏற்பட்ட இடம் இது. ஆதரித்தோர் மறைந்தபின் துறவிகளும் படிப்படியாக அகன்றனர்; காடு குகைகளை மூடிக்கொண்டது.

ஓவியங்கள் எவ்வாறு தீட்டப்பட்டன என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் காரணம் அதில் அடங்கியிருக்கிறது. கரடுமுரடான பாறைமேல் களிமண்ணோடு உமியும் வைக்கோலும் நார்களும் கலந்து பூசினார்கள். அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அது உலர்ந்தபின் காவி, மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குக் கரி, சுண்ணாம்பு வெள்ளை ஆகியவற்றைப் பசையிற் குழைத்துத் தீட்டினார்கள். நீலத்துக்கு வேண்டிய கல் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஈரச் சுண்ணத்தில் தீட்டும் ஓவியத்தில் வண்ணம் சுவரோடு ஒன்றிப்போகும். அஜந்தாவில் அவ்வாறன்று, அது சுவரின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உமியும் நாரும் பூச்சிக்கு இரையாகின்றன. பாறையில் நீர் கசிந்தால் பூச்சு விட்டுப்போகிறது. மனிதன் நகத்தால் கீறினாலும் உதிர்ந்துவிடுகிறது.

1819 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆங்கிலேயப் படை அதிகாரிகள் சிலர் அப்பக்கம் புலி வேட்டைக்கு வந்தனர். அவர்கள் சென்னைப் படையைச் சேர்ந்தவர்கள் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூல்கள் குறிக்கின்றன. பத்தாம் குகையின் பெரிய வாயில் அவர்கள் கண்ணிற் பட்டது. உள்ளே சென்றவர்களுள் ஜான் ஸ்மித் என்பவர் தம் பெயரையும், 28-ஆம் குதிரைப்படை என்பதையும், தேதியையும் ஒரு தூணிற் கீறிவைத்தார். வெற்றுத் தூணிலன்று, ஓவியம் தீட்டிய தூணிலே, வரைந்த உருவத்தின்மேலேயே கீறினார். அன்று குகையினுள் ஐந்தடி உயரத்துக்கு மண்ணும் கல்லும் மேடிட்டிருந்தமையால், மேட்டின்மேல் நின்று அவர் எழுதியது இன்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. அந்தத் தேதி இல்லையேல் வரலாற்று ஆசிரியர்க்கு இத்தனை துல்லியமான நாள் கிடைத்திராது என்பதும் உண்மை. அதற்காக அவரை வாழ்த்த நமக்கு மனம் வரவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கூறும் ஆங்கில நூல்கள் ஸ்மித் அஜந்தாவைக் கண்டுபிடித்தார் என்றே எழுதுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல் ஓர் உறுத்தல். கெட்டுப்போன பொருளைத் தேடி எடுப்பதைத்தானே தமிழில் கண்டுபிடித்தல் என்கிறோம்? சுற்றுப்புறத்துச் சிற்றூரார்க்கும் பீல் மக்களுக்கும் அந்தக் குகைகள் கெட்டுப்போயிருக்கவில்லை. வழிப்போக்கரான சாதுக்கள் அங்கே தங்கிச் சமைத்த புகை சுவர்களிற் படிந்திருந்தது. ஸ்மித் செய்தது பிற நாட்டார்க்குச் செய்தி கிடைக்கும்படி செய்தது, அவ்வளவே.

செய்தி மெல்லப் பரவியது. வந்தவர்கள் பார்த்ததை எழுதினார்கள். பதினேழாம் குகையில் வாழ்க்கைச் சக்கரத்தைத் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. பிறப்பும் இறப்பும் சுழலும் பௌத்தக் கருத்து அது. முதலில் வந்தவர்கள் அதை ராசிச் சக்கரம் என்று எண்ணிவிட்டனர். எழுதியதோடு நில்லாமல், ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று சுவரிலிருந்து உருவங்களைப் பெயர்த்தெடுக்க முயன்றவர்களும் உண்டு. மண் பூச்சன்றோ? எடுத்தவர் கையில் பெரும்பாலும் தூளே மிஞ்சியது. தப்பிய துண்டு ஒன்று இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

கட்டடக்கலை ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பெர்கூசன் 1839-இல் அஜந்தாவைப் பார்த்தார். 1843-இல் லண்டனில் ராயல் ஆசியக் கழகத்தார் முன்னிலையில் இந்தியக் குகைக் கோயில்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஓவியங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, அழியுமுன் அவற்றைப் படியெடுத்துவைக்க வேண்டும் என்னும் கோரிக்கை அதிலிருந்து எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இணங்கினர். 1844-இல் அப்பணிக்கு நியமனம் பெற்றவர் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில்.

கில்லின் கதை தனியே ஒரு நூலாதற்குத் தகும். பணியை முடித்துவிட்டுப் படைக்குத் திரும்பவேண்டியவர் அஜந்தாவிலேயே தங்கிவிட்டார். வெயில் குகையினுள் எட்டுவது நாளில் சிறிது நேரமே. அந்த வெளிச்சத்தில் பெரிய துணிச்சீலைகளில் எண்ணெய் வண்ணத்தால் சுவர் ஓவியங்களை அதே அளவில் தீட்டினார். காய்ச்சல், காட்டு விலங்கு, தனிமை ஆகிய அனைத்தையும் பொறுத்துக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதில் கழித்தார். அஜந்தா சிற்றூரில் பாரோ என்னும் பெயருடைய பெண்ணுக்கு அவர் எழுப்பிய நினைவுக்கல் 1856-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. மராத்தியக் கவிஞர் நா. தோ. மஹானோர் இவர்களிருவர் வாழ்வைக் காவியமாகப் பாடினார். 2012-இல் அது திரைப்படமாகவும் வந்தது.

கில் அனுப்பிய சீலைகள் லண்டனை அடுத்த சிடன்ஹாமில், கண்ணாடி மாளிகை எனப்பெற்ற பொருட்காட்சி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அம்மாளிகையில் தீப்பற்றியது. காட்சிக்கு வைக்கப்படாமல் வேறிடத்தில் இருந்த சில நீங்கலாக, ஏனைய யாவும் சாம்பலாயின. ஒரு மனிதனுடைய இருபது ஆண்டு உழைப்பு தீயிற் போயிற்று.

நல்லூழாக, கில் தூரிகையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒளிப்படக்கருவி இந்தியாவுக்கு வந்த புதிதிலேயே அதையும் கையாளக் கற்றார். அக்காலத்தில் இரட்டைப் படம் என்று ஒரு முறை வழங்கியது. ஒரே காட்சியை இரு கண்களின் இடைவெளி அளவுக்கு விலக்கி இரண்டு படங்களாக எடுத்து, இரு வில்லைகள் பதித்த கருவி வழியே பார்த்தால், தூணும் சிலையும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து தோன்றும். வீட்டில் நாற்காலியில் அமர்ந்தபடியே குகையினுள் நிற்பதுபோன்ற உணர்ச்சி உண்டாகும். கில் எடுத்த 74 படங்களோடு பெர்கூசன் குகைக் கோயில்களைப் பற்றிய நூலொன்றை 1864-இல் வெளியிட்டார். சீலைகள் எரிந்தபோது நூல் தப்பியது. அதன் பல பிரதிகள் பல வீடுகளில் இருந்தமையே காரணம். எனினும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கட்டடம் தெரியுமேயன்றி வண்ணம் தெரியாது. ஆகவே மீண்டும் படியெடுக்க வேண்டும் என்று பெர்கூசன் முதலியோர் வற்புறுத்தினர். கில் 1879-இல் மறைந்தார். அவர் கல்லறை பூசாவலில் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் நள்ளிரவில் தேநீர் குடிப்பதற்காக மட்டும் இறங்கியேறும் அதே பூசாவல்தான்.

இரண்டாம் முயற்சி பம்பாய் ஓவியக் கலாசாலையின் ஆசிரியர் ஜான் கிரிபித்ஸ் தலைமையில் 1872-இல் தொடங்கி, இடையிடையே நின்று, 1885 வரையில் நடந்தது. உழைத்தவர்கள் அவருடைய மாணவர்கள். பெஸ்தோன்ஜி பொமன்ஜி போன்ற இந்திய இளைஞர்கள். இத்தனை பேர் சேர்ந்து சுமார் 300 சீலைகள் தீட்டினார்கள். இவை லண்டனில் தென் கென்சிங்டன் பொருட்காட்சிசாலைக்குப் போயின. 1885-இல் அங்கேயும் தீ! நூற்றுக்கு மேற்பட்டவை அழிந்தன. எஞ்சியவற்றைக்கொண்டு கிரிபித்ஸ் 1896, 1897-ஆம் ஆண்டுகளில் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். காட்டின் நடுவே, மழையும் வௌவாலும் பூச்சியும் புகுந்த குகைச் சுவர்கள் நின்றன. காவலோடு மாநகரத்து மாளிகையில் வைத்த படிகள் இரண்டு முறை எரிந்தன. படியெடுத்தது வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. சுவரில் இன்று உதிர்ந்துபோன பகுதிகள் சில எவ்வாறு இருந்தன என்பதை எஞ்சிய அந்தச் சீலைகளிலிருந்தே அறிகிறோம்.

ஆனால் அந்த வேலைக்குச் சுவர் ஒரு விலை கொடுத்தது. மங்கிய வண்ணம் துலங்கித் தெரிய வேண்டும் என்று படியெடுத்தவர்கள் ஓவியங்களின்மேல் வார்னிஷ் பூசினார்கள். நனைந்த கூழாங்கல் பளபளப்பதுபோல் ஓவியமும் அப்போது பளிச்சிட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வார்னிஷ் மஞ்சளாகிப் பழுப்பேறியது. புழுதியையும் புகையையும் பிடித்துவைத்துக்கொண்டது. நிஜாம் அரசாங்கம் 1920-இல் இத்தாலியிலிருந்து செக்கோனி என்ற வல்லுநரையும் அவர் துணைவரையும் வரவழைத்தது. பெயர்ந்து தொங்கிய பூச்சை அவர்கள் மீண்டும் பாறையோடு ஒட்டவைத்தது பெரும் உதவி. ஆயினும் அவர்களும் ஓவியத்தின்மேல் அரக்கு மெருகு இட்டார்கள். அதுவும் பின்னர் மஞ்சளித்தது. அந்தப் படலங்களை இழை இழையாக நீக்குவது இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் வேதியியலார்க்குப் பல பத்தாண்டுகளின் வேலையாயிற்று.

படியெடுத்தவர்களுள் கிறிஸ்தியானா ஹெரிங்காம் அம்மையாரை நாம் வேறு வரிசையில் வைக்கிறோம். 1909 முதல் 1911 வரை இரண்டு குளிர்காலங்களில் அவர் வந்து பணி செய்தார். அவருக்கு உதவியாக வந்தவர்கள் வங்கத்து நந்தலால் போஸும் அசித் குமார் ஹால்தாரும், மைசூரைச் சேர்ந்த வெங்கடப்பா முதலியோரும். அவ்விளைஞர்கள் படியெடுக்க வந்து, பயின்று திரும்பினார்கள். அஜந்தாவின் கோடு நந்தலாலின் கையிற் படிந்து, சாந்திநிகேதன் வழியே பல மாநிலத்து மாணவர்க்கும் சென்றது. அம்மையாரின் படிகள் 1915-இல் நூலாக வெளிவந்தன. ஹைதராபாத்தின் தொல்பொருள் துறைத் தலைவர் குலாம் யஸ்தானி 1930-இல் தொடங்கி 1955 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட நூல், வண்ண ஒளிப்படங்களைத் துணைக்கொண்டது. இடையே கைத்தூரிகைக்கு இருந்த தேவை குறைந்துவிட்டது.

பார்த்ததைப் பிறர்க்குச் சொல்லும்போது தாம் முன்பே அறிந்ததை அதனுள் கண்டுவிடுவதும் பயணிகள் இயல்பு. முதற் குகையில் அரசவைக் காட்சி ஒன்று. தொப்பியணிந்த அயல் நாட்டார் காணிக்கையோடு நிற்கின்றனர். அரசன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி, வந்தவர்கள் பாரசீக மன்னனின் தூதர் என்று பெர்கூசன் 1879-இல் எழுதினார். பல்லவர் பகைவனாகத் தமிழர் அறிந்த அந்தப் புலிகேசிதான். பாடநூல்களிலும் இது ஏறிவிட்டது. புலிகேசி ஏழாம் நூற்றாண்டினன். குகையோ ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்பது இப்போது பெரும்பாலோர் கருத்து. காட்சி புத்தரின் முற்பிறப்புக் கதை ஒன்று என்று கொள்வோரே இன்று மிகுதி. இன்றும் வழிகாட்டிகள் சிலர் புலிகேசியைக் காட்டக் கேட்கலாம்; மறுத்துப் பேசி அவர் மனத்தை நோகச்செய்ய வேண்டுவதில்லை.

1983-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அஜந்தா இடம் பெற்றது. பார்வையாளர் பெருகவே புதிய கவலை தோன்றியது. மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் ஈரம் உண்டு. அடைபட்ட குகையில் அது சுவரிற் படியும். வண்டிகள் இப்போது 4 கிலோமீட்டருக்கு அப்பாலேயே நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து தனிப் பேருந்திற் செல்லவேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. படம் எடுக்கலாம்; ஆனால் மின்னல் விளக்குப் போடுதல் கூடாது. இந்தத் தடையைக் குறைகூறுவோர், 1991-92-இல் பினாய் பெஹல் செய்ததை அறிந்துகொள்ளுதல் நன்று. செயற்கை ஒளியைச் சுவரிற் பாய்ச்சாமல், குகையில் உள்ள மங்கிய ஒளியையே கொண்டு, கருவியின் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்து அவர் படமெடுத்தார். விளக்கொளியில் எடுத்த படங்களில் தெரியாத வண்ண நயங்கள் அவற்றில் தெரிந்தன.

செல்லும் நேயர்கள் முதற் குகையில் நுழைந்ததும் கையிலுள்ள கருவியைச் சிறிது நேரம் பையில் வைத்துக்கொள்ளலாம். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருளன்றி வேறொன்றும் புலப்படாது. சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் கருவறைக்கு இடப்புறத்துச் சுவரில், நீலத் தாமரை ஏந்திய பத்மபாணியின் சாய்ந்த தலையும் தாழ்ந்த விழிகளும் மெல்ல வெளிப்படும்.