பட்டை வண்டும் நீலக்கறைப் பூசணமும்

பட்டைக்கடியில் குடைந்து வாழும் சிறு வண்டுகளால் பைன் மரத்துக்குள் கொண்டு செல்லப்பெற்று, அம்மரத்தின் வைரம் பாயாத வெளிக்கட்டையில் பரவும் பூசணங்கள் நீலக்கறைப் பூசணங்கள் எனப்படும். இவை கட்டையை உளுக்கச் செய்வதில்லை. இவற்றின் இழைகள் உண்மையில் பழுப்பு நிறத்தனவே. வெளிறிய மரத்தினூடே நோக்குங்கால்தான் நீலமாகத் தோன்றும்.

இக்கறைக்குப் பூசணமே காரணமென்று ஜெர்மானிய வன சாஸ்திரி ராபர்ட் ஹார்டிக் 1878-இல் கூறினார்.

அமெரிக்காவின் பிளாக் ஹில்ஸ் வனத்தில் பாண்டெரோசா பைன் மரங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துவந்ததை ஆராய்ந்த ஹாப்கின்ஸ், அவ்வழிவுக்குரிய வண்டுக்கு 1902-இல் டென்ட்ராக்டோனஸ் பாண்டெரோசே எனப் பெயரிட்டார். மறு ஆண்டிலேயே ஹெர்மன் ஃபான் ஷ்ரெங்க் அதே மரங்களின் நீலக்கறையைப்பற்றி விரிவானதோர் அறிக்கை வெளியிட்டார். வண்டு குடைவதனால் மட்டும் மரம் அத்துணை விரைவில் வாட இயலாதென்றும், வேரிலிருந்து நீர் மேலேறுவதைத் தடுக்கும் பூசணத்துக்கும் அதில் பங்குண்டென்றும் 1928-இல் கிரெய்க்ஹெட் கருத்துரைத்தார். அடுத்த ஆண்டு நெல்சன், பீல் ஆகிய இருவரும், வண்டின் சம்பந்தமே இன்றிப் பூசணத்தைத் அமெரிக்கத் தென்மாநிலப் பைன் மரங்களில் செலுத்திப் பரிசோதித்து, அக்கருத்துக்கு ஆதாரம் தேடினர். வண்டு தாக்கிய பைன்களிற் காணும் இருவகைப் பூசணங்களைக் காரொலைன் ரம்போல்ட் அம்மையார் 1931-இல் விவரித்தார். ஜெர்மனியில் இத்துறையில் உழைத்த ஹெலேனே குரோஸ்மன் அம்மையாரின் பெயரால் குரோஸ்மானியா என்னும் பூசணப் பேரினம் 1936-இல் அமைந்தது.

பாண்டெரோசே வண்டின் துணைத்தாடையடியில் பூசண வித்துகளைத் தாங்கும் நுண்ணிய பை இருப்பதை விட்னி, ஃபாரிஸ் என்போர் 1970-இல் வெளியிட்டனர். புதுநிலம் தேடிச் செல்லும் குடியானவன் விதைநெல்லை முடிந்துகொண்டு போவதுபோல், வண்டும் புது மரத்துக்குத் தன் பூசணத்தோடு செல்கிறது; பட்டையின் கீழ் பொரிக்கும் புழுக்களும், பின்னர்ப் பறந்து செல்லவிருக்கும் இளவண்டுகளும் அப்பூசணத்தை உண்கின்றன.

மரத்தைக் கொல்வது பூசணமா, வண்டா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. பூசணத்தின் கொல்லுந்திறனே வண்டுக்கு உதவுகிறதென்னும் பழைய கொள்கையை டயானா சிக்ஸ், மைக்கேல் விங்ஃபீல்ட் ஆகியோர் 2011-இல் மறுத்து, உணவாகப் பயன்படுவதே பிரதானம் என்பர். இருதரப்பு வாதங்களும் நிலவுகின்றன.

1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கிய பாண்டெரோசே வண்டின் பெருந்தாக்குதல் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் வனத்தைத் தொட்டது. இவ்வண்டு சுமக்கும் நீலக்கறைப் பூசணங்களுள் ஒன்றான குரோஸ்மானியா கிளாவிஜெராவின் மரபணுத் தொகுதி 2011-இல் வெளியாயிற்று.