பொன் கம்பியும் டைட்டேனியம் வேரும்: விழுந்த பல்லின் வரலாறு

சென்ற வருடம் எங்கள் பாடசாலையில் இஸ்லாமிய தினக் கண்காட்சி நடந்தது. தரம் 10 பிள்ளைகள் ஒரு பெரிய அட்டையில் 'பல் இம்பிளான்டைக் கண்டுபிடித்தவர் அஸ்ஸஹ்ராவி' என்று எழுதி, பக்கத்தில் திருகாணி பூட்டிய பல்லொன்றின் படத்தையும் ஒட்டியிருந்தார்கள். "சேர், சரிதானே?" என்று ஒருத்தி கேட்டாள். சரி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வாய் வரவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன் மகள்" என்றேன்.

தேடுவதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் வாப்பா நீண்ட காலம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். பற்கள் எல்லாம் போய்க் கட்டுப்பல் போட்டிருக்கிறார். மேல்கட்டு ஓரளவு நிற்கும்; கீழ்க்கட்டு நாக்கு அசையும் போதெல்லாம் மிதக்கும். எழுத்துகள் பிறக்கும் எட்டு இடங்களுள் ஒன்றாகப் பல்லைத் தொல்காப்பியப் பிறப்பியல் எண்ணுகிறது. தஜ்வீதிலும் அப்படித்தான். 'ஸா', 'தால்', 'ளா' முதலான எழுத்துகளுக்கு நாக்கின் நுனி மேல்முன்பல்லின் விளிம்பைத் தொட வேண்டும். கீழ்க்கட்டு எழும்பும்போது அந்த இடம் தவறிவிடும். "எழுத்துப் பிழைக்குது மகன்" என்று சொல்லி வாப்பா சத்தமாக ஓதுவதையே விட்டுவிட்டார்.

முதலில் அஸ்ஸஹ்ராவி. அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி குர்துபாவுக்கு அருகிலிருந்த மதீனதுஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். 1013 அளவில் மறைந்தார். அவருடைய 'கிதாபுத் தஸ்ரீப்' 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் அறுவைச் சிகிச்சை பற்றியது. 12ஆம் நூற்றாண்டில் ஜெராட் என்ற அறிஞர் தொலேதோவிலிருந்து அதை லத்தீனுக்குக் கொண்டு போனார். பல்லில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளை அஸ்ஸஹ்ராவி படம் போட்டே விளக்குகிறார். ஆடும் பற்களை உறுதியான அயற்பற்களோடு கம்பியால் பிணைக்கும் முறையையும் சொல்கிறார். கம்பி பொன்னாக இருக்கட்டும், வெள்ளி சில நாளில் கெட்டுவிடும், பொன் மாறாது என்பது அவர் கருத்து. விழுந்த பல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்துக் கட்டலாம். மாட்டெலும்பில் பல் செதுக்கியும் வைக்கலாம் என்கிறார்.

பொன், வெள்ளி என்ற இந்த ஒப்பீடு நமக்குப் புதிதல்ல. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி இருக்கிறது. ஆண்களுக்குப் பொன் ஆகாது என்றிருந்தும், பொன் பல் ஆகும் என்று ஷாஃபிஈ மத்ஹப் சட்டநூல்கள் சொல்வதற்கு இதுவே அடிப்படை. உடம்பு எந்த உலோகத்தைத் தாங்கும் என்ற கேள்வி நம் மரபில் அவ்வளவு பழையது.

ஆனால் பிள்ளைகளின் அட்டைக்கு விடை 'இல்லை' என்பதுதான். அஸ்ஸஹ்ராவி வைத்த பல் அயற்பல்லின் தோளில் சாய்ந்து நின்றது. இம்பிளான்ட் தாடையெலும்புக்குள் தானே வேராக நிற்பது. இரண்டும் ஒன்றல்ல.

அந்த வேர் கிடைத்தது சுவீடனில், அதுவும் தற்செயலாக. பெர்-இங்வார் பிரோனெமார்க் (1929–2014) பல் வைத்தியர் அல்லர்; எலும்பு ஆறும்போது இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்தவர். 1952இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான சிறிய பார்வைக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. ஒஸியோஇன்டகிரேஷன் என்று பின்னர் பெயர் பெற்றது இதுதான்.

1965இல் கோதன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியத் திருகாணிகள் வைக்கப்பட்டன. பிறவியிலேயே அண்ணமும் தாடையும் குறைபட்டவர். கீழே பல்லே இல்லை. அந்த வேர்கள் 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் இறக்கும் வரை, அவரோடு இருந்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பவில்லை. உடம்பு அந்நிய உலோகத்தைச் சதையால் சுற்றி ஒதுக்கிவிடும் என்பதே அன்றைய பாடம். 1981இல் 15 ஆண்டுக் கணக்கு வெளியானது: 371 நோயாளிகள், 410 பல்லில்லாத் தாடைகள், 2768 வேர்கள். 5 முதல் 9 ஆண்டுகள் கடந்தவற்றில் மேல்தாடையில் 81 வீதமும் கீழ்த்தாடையில் 91 வீதமும் நிலைத்திருந்தன. அடுத்த வருடம் ரொறன்ரோ மாநாட்டுக்குப் பிறகு வட அமெரிக்காவும் ஏற்றது.

பிரோனெமார்க்கின் முறையில் என்னைக் கவர்ந்தது பொறுமை. வேரை வைத்து, முரசை மூடித் தைத்து, கீழ்த்தாடையென்றால் மூன்று நான்கு மாதம், மேல்தாடையென்றால் ஆறு மாதம் அளவில் சும்மா விட்டார். அதன் பிறகே பல் பூட்டினார். அவசரப்பட்டுச் சுமை ஏற்றி வேர் அசைந்தால் எலும்புக்குப் பதிலாகச் சதைதான் வளரும். இப்போது சிலருக்கு உடனேயே பல் வைக்கிறார்கள்; அதற்கும் வேர் முதல் நாளே அசையாமல் இறுகியிருக்க வேண்டும்.

வேர் நின்றால் மட்டும் வெற்றியா? நோயாளியின் வாயைக் கேட்க வேண்டாமா? பிற்கால ஆய்வுகள் அதையும் கேட்டன. 2002இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு வேர்கள் வைத்து அவற்றில் கட்டுப்பல்லைக் கொளுவுவதே முதல் தெரிவு என்றார்கள். மெல்லுவதிலும் மனநிறைவிலும் நோயாளிகள் சொன்ன வித்தியாசம் அப்படி. மேல்தாடையில் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. நன்றாகப் பொருந்திய கட்டு அங்கே தானாகவே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: சொந்தப் பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய நார் கடியின் அளவை உணர்த்தும். இம்பிளான்டுக்கு அந்த நார் இல்லை. சோற்றில் கல் அகப்பட்டால் முன்போல் உடனே தெரியாது.

விளம்பரங்கள் சொல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. இம்பிளான்டில் சூத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றிய முரசும் எலும்பும் நோய்ப்படும். சுவீடனிலேயே 588 பேரை ஒன்பது வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 14.5 வீதமானோருக்கு அந்த நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. புகைத்தலும் கட்டுப்படாத சீனி வருத்தமும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இங்கேதான் அஸ்ஸஹ்ராவி திரும்ப வருகிறார். அவருடைய கம்பி பழசாகிவிட்டது. அவருடைய சுரண்டி பழசாகவில்லை. சுத்தம் செய்யாத வாயில் எந்த உலோகமும் நிலைக்காது.

வாப்பாவுக்குச் சீனியும் இருந்தது, புகையிலை வெற்றிலையும் இருந்தது. "முதலில் இரண்டையும் அடக்கிட்டு வாங்க" என்று பல் டொக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எட்டு மாதம் எடுத்தது. செலவுக்குக் காசு சேர்க்க எனக்கும் அந்த எட்டு மாதம் தேவைப்பட்டது. இப்போது இரண்டு வேர்கள் வைத்து மூன்றாவது மாதம். கட்டு இன்னும் கொளுவவில்லை. "எலும்பு பிடிக்கட்டும், அவசரமில்ல" என்று வாப்பாவே எங்களுக்குச் சொல்கிறார்.

இந்த வருடக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் அட்டையைத் திருத்தி எழுதினார்கள்: 'ஆடும் பல்லைப் பொன் கம்பியால் கட்டவும், காறையைச் சுரண்டவும் எழுதி வைத்தவர் அஸ்ஸஹ்ராவி.' திருகாணிப் படத்தை உரித்துவிட்டுச் சுரண்டியின் படத்தை வரைந்திருந்தார்கள். அஸ்ஸஹ்ராவிக்கு அது குறைவில்லை. செய்யாததைச் செய்தார் என்று சொன்னால்தான், அவர் செய்ததையும் பிறர் நம்பாமல் போவார்கள்.