நீரிழிவுச் சிகிச்சையிற் பட்டினியும் நடையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோயின் பெயரிலேயே அந்நோய் பற்றிய பழைய அறிவு பொதிந்து கிடப்பதுண்டு. தமிழில் நீரிழிவு என்றும், ஈழத்துப் பேச்சுவழக்கிற் சலரோகம் என்றும் வழங்கும் பெயர்கள் இரண்டும் உடலினின்று நீர் அளவின்றிக் கழிவதையே சுட்டுகின்றன. கிரேக்கர் இட்ட 'டயபிற்றிஸ்' என்னும் பெயரும் ஊடாகச் செல்லுதல் என்ற பொருளையே தருவது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் கப்பதோக்கிய மருத்துவர் அரேத்தேயுஸ், தசையும் உறுப்புகளும் உருகிச் சிறுநீராய் வழிந்தோடும் நோயென இதனை வருணித்தார். அவர் கண்ட நோயாளர் மெலிந்து, விரைவில் மாண்டுபோனவர்கள். ஆயின் பண்டை இந்திய மருத்துவர் கண்ட நோயாளருள் வேறொரு வகையினரும் இருந்தனர். அவர்கள் பருத்த உடலினர், பெருந்தீனியர், படுக்கையையும் இருக்கையையும் விட்டு எழ விரும்பாதவர்கள்.

இவ்விரு வகையினரையும் வேறுபடுத்தி நோக்கியமையே சுசுருத சங்கிதையின் தனிச்சிறப்பு எனலாம். அந்நூலின் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. எனினும் பிறப்போடு வரும் நோய், தகாத உணவாலும் ஒழுக்கத்தாலும் வரும் நோய் என அது மேகநோயை இரண்டாகப் பகுத்தது தெளிவு. முன்னையது மெலிந்தோர்க்கும் பின்னையது பருத்தோர்க்கும் உரியதாகக் கூறப்பட்டது. பருத்தவனுக்கு விதிக்கப்பட்ட சிகிச்சை இன்று வாசிப்போர்க்கு வியப்பூட்டும். பொருளும் சுற்றமும் இல்லாதவன் காலிற் செருப்பின்றி, தலைக்குக் குடையின்றி, பிச்சையேற்று உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காது, நூறு யோசனை தூரமோ அதற்கு மேலோ நடக்கவேண்டும். செல்வனோ காட்டுத் தானியங்களையும் நெல்லிக்காய் போன்றவற்றையும் உண்டு மான்களோடு வாழவேண்டும். ஏனையோர் நிலத்தை உழவேண்டும். அன்றேற் கிணறு தோண்டவேண்டும். இவற்றையெல்லாம் விதித்த நூல், மெலிந்தவனை எப்போதும் பேணிக் காக்கவேண்டும் என்றும் உடன் கூறுகிறது. அச்சிறு எச்சரிக்கையை மறந்ததன் விலை எத்துணைப் பெரிதென்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெரியவந்தது.

ஐரோப்பாவிற் பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் என்பார் நோயாளரின் சிறுநீர் இனிப்பதைக் குறிப்பிட்டார். 1776 இல் மத்தியூ டொப்சன் அவ்வினிப்பு வெல்லமே என்றும், அது குருதியிலும் உண்டு என்றும் காட்டினார். இக்கண்டுபிடிப்பிலிருந்து முற்றிலும் முரணான இரு முடிவுகளுக்கு வர இடமிருந்தது. வெல்லத்தைக் குறைக்கவேண்டும் என்பது ஒன்று. இழந்த வெல்லத்தை ஈடுசெய்ய மேலும் ஊட்டவேண்டும் என்பது மற்றையது. பிரான்சில் பியோரி என்னும் மருத்துவர் இரண்டாவது வழியையே பரிந்துரைத்தார் என்பது, கற்றோர் கூட்டமும் எவ்வளவு எளிதில் வழிதவறக்கூடும் என்பதற்குச் சான்று.

அதே நாட்டில், அதே காலத்தில், முதலாவது வழியிற் சென்றவர் அப்போலினேர் பூஷார்தா (1806–1886). மருந்தாளராகவும் பின்னர் பாரிஸ் மருத்துவ பீடத்திற் சுகாதாரவியற் பேராசிரியராகவும் விளங்கிய இவர், மாப்பொருள் உணவைக் குறைத்துப் பச்சைக் காய்கறிகளைக் கொடுத்தார். கோதுமையின் மாவை நீக்கி எஞ்சும் புரதத்தாற் செய்த ரொட்டியை அறிமுகப்படுத்தினார். நோயாளர் தத்தம் சிறுநீரைத் தாமே நாள்தோறும் சோதிக்கவேண்டும் என்றார். ஆயினும் அவருடைய கொள்கைக்கு வலுவூட்டிய பெருஞ்சோதனையை அவர் திட்டமிட்டு நடத்தவில்லை, போர் நடத்தியது.

1870 செப்டெம்பரிற் பிரசியப் படைகள் பாரிஸ் நகரைச் சூழ்ந்துகொண்டன. 1871 சனவரி இறுதிவரை முற்றுகை நீடித்தது. நகருக்குள் உணவு வருவது நின்றது. மக்கள் குதிரை இறைச்சியையும், பின்னர் பூனை, எலி ஆகியவற்றின் இறைச்சியையும் உண்டனர். விலங்கினப் பூங்காவின் யானைகளும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன. ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. அந்தக் கொடிய மாரிகாலத்திலேதான் பூஷார்தா தம் நோயாளர் பலரின் சிறுநீரில் வெல்லம் குறைந்ததையும், சிலரில் அறவே மறைந்ததையும் கண்டார். மருந்து மாறவில்லை, உணவே மாறியிருந்தது. இயன்ற அளவு குறைவாக உண்ணுதல் அவருடைய சிகிச்சையின் அடிப்படையாயிற்று. உடலுழைப்பையும் அவர் அதனோடு சேர்த்தார். உழைக்கும் உடல் மாப்பொருளை முன்னிலும் நன்றாக ஏற்பதை அவர் அவதானித்திருந்தார். 1875 இல் வெளிவந்த அவருடைய நூல் இக்கருத்துக்களை விரிவாக எடுத்துரைத்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். முற்றுகைக்குள் அகப்பட்ட நகரிற் குழந்தைகளும் முதியோரும் பசியாலும் குளிராலும் மடிந்தனர். நீரிழிவாளர் சிலர் நலமடைந்தமையைக் கொண்டு பஞ்சத்தை மருத்துவனாக்குதல் தகாது. பஞ்சம் கட்டாயத்தினாற் செய்ததை மனிதன் அறிவினாலும் விருப்பினாலும் செய்ய இயலுமா என்பதே பூஷார்தாவின் அவதானிப்பு எழுப்பிய வினா. அதற்கு விடைகாண ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இடைக்காலத்தில் நோயின் உறுப்பு அறியப்பட்டது. 1889 இல் ஸ்ராஸ்பூர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அது நீரிழிவுற்றது. அதற்கு முன்பே, 1880 அளவில், லான்சரோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் மெலிந்தோர் நீரிழிவு, பருத்தோர் நீரிழிவு எனச் சுசுருதரை நினைவூட்டும் பகுப்பொன்றைச் செய்திருந்தார். ஆனால் அப்பகுப்பு சிகிச்சையை மாற்றவில்லை. ஏனெனில் இரு சாராருக்கும் கொடுக்க இருந்தது ஒன்றே: உணவுக் குறைப்பு.

இதன் உச்சமாக அமைந்தது அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் அலன் 1914 ஆம் ஆண்டளவிலிருந்து நியூயோர்க்கில் கையாண்ட பட்டினிச் சிகிச்சை. சிறுநீரில் வெல்லம் மறையும்வரை நோயாளி உண்ணாதிருக்கவேண்டும். பின்னர் சிறிது சிறிதாக உணவு கூட்டப்படும். வெல்லம் மீண்டும் தோன்றும் எல்லைக்குக் கீழே அது நிறுத்தப்படும். பருத்த நடுவயதினர்க்கு இது நன்மை செய்தது. மெலிந்த சிறுவர்க்கோ சாவை ஒத்திவைத்தது மட்டுமே. அவர்களுட் சிலர் நோயால் அன்றிப் பசியாலேயே இறந்தனர். அலனைக் கொடியவர் எனல் பொருந்தாது. அவரிடம் வேறு கருவி இருக்கவில்லை. அமெரிக்க அரசியலாளர் சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூசின் மகள் எலிசபெத், 1919 முதல் அவருடைய முறையில் உயிர்தாங்கி வந்தவர். 1922 ஓகஸ்ட் மாதத்தில் அவர் ரொறன்ரோவில் பான்ரிங்கிடம் வந்தபோது, பதினைந்து வயதை எட்டவிருந்த அவருடைய எடை ஏறத்தாழ 45 இறாத்தல் மாத்திரமே. அங்கு கிடைத்த இன்சுலின் அவரை 1981 வரை வாழவைத்தது. பட்டினி அவருக்கு வாங்கிக்கொடுத்தது மூன்றாண்டுகள். அம்மூன்றாண்டுகள் இன்றேல் இன்சுலின் வந்தபோது அவர் இருந்திரார்.

1922 சனவரியில் முதன்முதலாக மனிதனுக்கு ஏற்றப்பட்ட இன்சுலின் மருத்துவ உலகின் முழுக் கவனத்தையும் ஈர்த்துக்கொண்டது. அதன் ஒளியில் நடையும் உணவொறுப்பும் பழங்காலத்து வைத்தியம்போல் மங்கின. எனினும் அவற்றை மறவாதார் சிலர் இருந்தனர். பொஸ்ரன் நகர மருத்துவர் எலியற் ஜொஸ்லின் 1921 இலேயே நோய்த்தடுப்புப் பற்றி எழுதினார். நியூ இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் அடுத்தடுத்திருந்த மூன்று வீடுகளில் மாறிமாறிக் குடியிருந்த ஏழு குடும்பத் தலைவர்களில் அறுவர் நீரிழிவால் மாண்டதை அவர் எடுத்துக்காட்டினார். அவர்கள் தொற்றுநோயால் இறந்திருப்பின் ஊரே கொதித்தெழுந்திருக்கும் என்பது அவருடைய வாதம். உடற்பருமனைத் தடுத்தல் நீரிழிவைத் தடுத்தலாகும் என அவர் வற்புறுத்தினார். இன்சுலினால் உயிர் பிழைத்த இலண்டன் மருத்துவர் லோரன்ஸ், உடற்பயிற்சி இன்சுலினின் செயலை மிகுவிப்பதை 1926 இற் காட்டினார்.

இவ்விரு நோய்களும் வெவ்வேறென்பதைச் சோதனையால் நிறுவியவர் இங்கிலாந்தின் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த். இன்சுலினையும் குளுக்கோசையும் ஒருங்கே கொடுத்துக் குருதியை அளந்த அவர், ஒரு சாராரின் உடல் இன்சுலினுக்கு இணங்குவதையும் மற்றொரு சாராரின் உடல் இணங்க மறுப்பதையும் 1936 இல் வெளியிட்டார். முன்னவருக்கு வேண்டியது இன்சுலின். பின்னவரிடம் இன்சுலின் அறவே இல்லாமலில்லை; உடல்தான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. சுருங்கும் தசை இன்சுலினின் உதவியின்றியும் குருதியிலிருந்து குளுக்கோசை உள்ளெடுக்க வல்லது என்பதும், ஈரலிற் சேரும் கொழுப்புக் குறையும்போது அதன் இணக்கமின்மை நீங்குகிறது என்பதும் பிற்கால ஆய்வுகள் தந்த விளக்கம். நூறு யோசனை நடந்த இரவலனின் உடலில் நிகழ்ந்ததும் இதுவே.

1982 இல் அவுஸ்திரேலியாவின் வடமேற்கே டேர்பி நகரையடுத்து வாழ்ந்த ஆதிக்குடியினருள் நீரிழிவுற்ற பத்துப்பேர், கெரின் ஓடீ என்னும் ஆய்வாளரோடு ஏழு வாரங்கள் தம் மூதாதையர் நிலத்திற்குத் திரும்பினர். கடை உணவை விட்டு, வேட்டையாடியும் மீன்பிடித்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தனர். அவர்களின் எடை சராசரி எட்டுக் கிலோகிராம் குறைந்தது. உண்ணாநிலையிற் குருதிக் குளுக்கோசு இலீற்றருக்கு 11.6 மில்லிமோலிலிருந்து 6.6 மில்லிமோலுக்கு இறங்கியது. குடியேற்ற ஆட்சி பறித்த நிலமும் வாழ்முறையும் இந்நோயோடு எத்துணை நெருங்கிய தொடர்புடையன என்பதை இவ்வெண்கள் சொல்லாமற் சொல்கின்றன. ஆயினும் ஆய்வாளருள் எவரும் மக்களைக் காட்டுக்குத் திருப்பியனுப்பும்படி கூறமுடியாது. நகரத்தில், தொழிற்சாலையில், அலுவலகத்தில் இருப்போருக்கு என்ன வழி?

இவ்வினாவைச் சீனாவின் எண்ணெய் நகரான தாச்சிங் எதிர்கொண்டது. 1986 இல் அங்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து, நோயின் வாயிலில் நின்ற 577 பேரைத் தெரிந்தெடுத்தனர். 33 சிகிச்சை நிலையங்கள் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டன. ஆறாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 67.7 பேர் நீரிழிவுற்றனர். உணவைக் கட்டுப்படுத்தியோரில் 43.8 பேர்; உடற்பயிற்சி செய்தோரில் 41.1 பேர், இரண்டையும் மேற்கொண்டோரில் 46 பேர். பின்லாந்திலும் (2001) ஐக்கிய அமெரிக்காவிலும் (2002) நடந்த பெரிய ஆய்வுகள் நோய்வரும் வாய்ப்பு நூற்றுக்கு 58 குறைந்ததைக் காட்டின. அமெரிக்க ஆய்வினர் விதித்தது உடலெடையில் நூற்றுக்கு ஏழைக் குறைத்தலும் வாரத்தில் 150 நிமிட உடலுழைப்பும். அதே ஆய்வில் மெட்போமின் என்னும் மாத்திரை குறைத்தது நூற்றுக்கு 31 மட்டுமே.

தென்னாசியருக்கு மிக நெருங்கியது சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு. அங்கு வாய்ப்புக் குறைந்தது நூற்றுக்கு 28.5 அளவே. ஆயின் அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே இப்பயன் கிட்டியது. பருத்த உடலே நோயின் அடையாளம் என்னும் மேலைநாட்டுக் கணிப்பு, ஒல்லியான தோற்றமும் தொந்தியும் ஒருங்கே உடைய தென்னாசிய உடலுக்கு முற்றும் பொருந்தாமை இதனால் விளங்குகிறது.

ஸ்கொத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடத்தி 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று பூஷார்தாவின் வினாவை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. நோயுற்று ஆறாண்டுக்கு மேற்படாதோர் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவில், மருத்துவ நிலையத்தாரின் துணையோடு இருந்தனர். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நோய் தணிந்திருந்தனர். 15 கிலோகிராமோ அதற்கு மேலோ குறைத்தோரில் 86 பேர். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆயிற்று. எடை திரும்பியோரிடம் நோயும் திரும்பியது.

தாச்சிங்கில் 1986 இற் சேர்ந்தோரின் வரலாறு தொடர்ந்து எழுதப்பட்டது. ஆறாண்டுகளில் அறிவுரை நின்றுபோயிற்று. எவரும் அவர்களை நடக்கும்படி தூண்டவில்லை. 2019 இல் வெளிவந்த முப்பதாண்டுக் கணக்கின்படி, உணவையும் உழைப்பையும் மாற்றியோர்க்கு நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தியே வந்தது. அவர்கள் மற்றையோரிலும் சராசரி ஓராண்டும் ஐந்து மாதங்களும் கூடுதலாக வாழ்ந்திருந்தனர்.