மன்னார் வளைகுடாவில் கல்லெடுப்பு

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையோரமாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. கரையில் வாழ்ந்தவர்களுக்கு இவை நெடுங்காலம் கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பாகவுமே பயன்பட்டன. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்களில் முருகைக்கற்களை, அதாவது பவளக் கற்களை, காணலாம்.

இந்தக் கடலை ஆய்வுக்காகத் தேடி வந்தவர்கள் விலங்கியலாளர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இப்பகுதியின் முத்துக்குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய அருங்காட்சியக வெளியீடு 1927இல் வந்தது. பின்னர் மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சி.எஸ். கோபிநாத பிள்ளை பவள இனங்களை வகைப்படுத்தினார்.

ஆய்வாளர்கள் பெயரிட்டுக்கொண்டிருந்த அதே பாறைகளைத் தொழிலாளர்கள் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆழமற்ற இடங்களில் மூழ்கிக் கடப்பாரையால் கல்லை நெம்பி, வள்ளங்களில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். பெரும்பகுதி சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது; கார்பைடு தயாரிக்கும் ஆலைகளும் வாங்கின. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 கன மீட்டர் கல் எடுக்கப்படுவதாக 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் மகாதேவனும் நாகப்பன் நாயரும் மதிப்பிட்டார்கள். தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளில் இந்த வேலை மிக மும்முரமாக நடந்தது. செத்த கல்லைத்தானே எடுக்கிறோம் என்பது அப்போது நியாயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் உயிருள்ள பவளம் ஒட்டி வளர்வதே அந்தச் செத்த கல்லின்மேல்தான். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நிலையில்லாத மணலும் சிதைந்த துண்டுகளும்; புதுக் குஞ்சுப் பவளத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. அலையின் வேகத்தைத் தணித்த தடுப்பும் போய்விடும். தூத்துக்குடித் தீவுக் குழுவின் விலாங்குசல்லி, கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்குக் கல்லெடுப்பை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

1986இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர், கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. எல்லை வரைந்ததால் மட்டும் கல்லெடுப்பு நிற்கவில்லை. 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்து, புலிக்குச் சமமான பாதுகாப்பைப் பெற்றன. அதன்பிறகும் சில ஆண்டுகள் கழித்து, 2005 வாக்கில்தான் தொழில் பெரும்பாலும் ஓய்ந்தது. கண்காணிப்பு இறுகியதோடு, 2004 ஆழிப்பேரலையின்போது தீவுகளும் பாறைகளும் கரையைக் காத்தன என்ற எண்ணமும் ஊர்களில் பரவியிருந்தது.

கல்லெடுப்பு ஓய்ந்த காலத்தில் வேறொரு தொல்லை வந்தது. பிழைப்புக்காக மண்டபம் பகுதியில் அறிமுகமான கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, வளர்ப்பு மிதவைகளை விட்டு நழுவிக் குருசடைத் தீவின் பவளங்களை மூடியிருந்தது 2008இல் வெளிப்பட்டது. படர்ந்த பாசியைக் கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டும்; ஒட்டிய சிறு துணுக்கு மிஞ்சினாலும் மீண்டும் தழைக்கும்.

சிதைந்த இடங்களில் பவள மறுநடவு 2002இல் தொடங்கியது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மான்கொம்புப் பவளம் போன்ற வேகமாக வளரும் இனங்களின் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் பதித்தார்கள். ஆனால் கடலின் வெப்பம் இன்னொரு ஆபத்து. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசி, கடல்நீர் அளவுமீறிச் சூடானால் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குக் குறைந்தது. நட்டவையும் இதற்குத் தப்பவில்லை.

தேய்ந்துவரும் தீவுகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 1986இல் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு, 2014இல் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அங்கே 2015 முதல், சென்னை ஐஐடி வடிவமைப்பில், துளைகளுள்ள காங்கிரீட் செயற்கைப் பாறைகள் வரிசையாக இறக்கப்பட்டன. அலையின் வேகம் அவற்றில் மட்டுப்பட, துளைகளில் மீன்கள் ஒதுங்கின. தீவைச் சுற்றி மணல் மெல்லச் சேரத் தொடங்கியது. அருகிலுள்ள காரியாச்சல்லித் தீவுக்கும் இதே முறை திட்டமிடப்பட்டது.