நைட் சிட்டி திறந்த வாரம்

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் 2020 டிசம்பர் 10 அன்று உலகெங்கும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தது. உருவாக்கியது போலந்தின் தலைநகர் வார்சாவில் உள்ள சிடி ப்ராஜெக்ட் ரெட் ஸ்டூடியோ. எதிர்காலத்து அமெரிக்க நகரம் ஒன்றில் கூலிக்கு வேலை செய்யும் ஒருவராக வேடமேற்று ஆடும் விளையாட்டு இது. அந்த வாரத்தில் இதை ஆடிப் பார்த்தவர்களின் பேச்சைக் கேட்டால் இரு வேறு விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறார்களோ என்றுதான் தோன்றும். விலையுயர்ந்த கணினி வைத்திருந்தவர்களுக்கு அது அதுவரை கண்டிராத நகரம். ஏழாண்டுப் பழைய கன்சோலில் ஆடியவர்களுக்கோ பாதியில் நின்றுபோன கட்டுமானம்.

கதை நடக்கும் நைட் சிட்டி, திரைக்கு வருவதற்கு 32 ஆண்டுகள் முன்பே தாளிலும் பகடையிலும் இருந்த நகரம். அமெரிக்க வடிவமைப்பாளர் மைக் பாண்ட்ஸ்மித், தமது ஆர். டால்சோரியன் கேம்ஸ் நிறுவனத்தின் மூலம் 1988-இல் சைபர்பங்க் என்ற விளையாட்டை வெளியிட்டார். சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பத்து முகப் பகடையை உருட்டி ஆடுவது அது. 1982-இல் வந்த பிளேட் ரன்னர் திரைப்படமும் வால்டர் ஜான் வில்லியம்ஸின் ஹார்ட்வயர்டு நாவலும் அதன் பின்னணியில் இருந்தன. முதல் பதிப்பின் கதை 2013-இல் நடந்தது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பு 2020-க்குத் தள்ளிப்போனது. கலிஃபோர்னியக் கடற்கரையில், சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே கற்பனையாக எழுப்பப்பட்ட நகரத்தில் அரசைவிடக் கம்பெனிகளுக்கே அதிகாரம். பாத்திரங்கள் உடலில் இயந்திர உறுப்புகளைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் மனிதத்தன்மையின் கணக்கில் சில புள்ளிகள் கழியும். கணக்கு தீர்ந்தால் பாத்திரத்துக்குப் புத்தி பேதலித்து, ஆட்டத்தை நடத்துபவரின் கைக்கு அது போய்விடும். அந்த விளையாட்டின் மிகக் கூர்மையான விதி இதுவே. வீடியோ கேம் வெளிவந்தபோது இதற்கு இணையான விதி அதில் ஆடுபவருக்கு இல்லாமல் போனது பெரிய இழப்பு. புத்தி பேதலித்தவர்கள் வீழ்த்த வேண்டிய எதிரிகளாக மட்டும் தெருவில் வந்து நின்றார்கள்.

வார்சாவின் கதை வேறு தடத்தில் வந்தது. கணினி மென்பொருளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு தரும் சட்டம் போலந்தில் 1994-இல்தான் வந்தது. அதுவரை வாரக் கடைசியில் கூடும் கணினிச் சந்தைகளில், மேற்கு நாட்டு விளையாட்டுகளின் நகல்கள் தடையின்றிக் கைமாறின. அதே 1994-இல் மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிசின்ஸ்கி என்ற பள்ளித் தோழர்கள் இருவர் 2,000 டாலர் முதலோடும் ஒரு கணினியோடும் சிடி ப்ராஜெக்டைத் தொடங்கினார்கள். குறுந்தகடுகளில் வரும் விளையாட்டுகளை முறையாக இறக்குமதி செய்து விற்பதே முதல் தொழில். நகல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் அசலை விற்பது எப்படி? 1999-இல் பால்டர்ஸ் கேட் விளையாட்டை விற்றபோது அவர்கள் விடை கண்டார்கள். உரையாடல் முழுவதையும் போலிஷ் மொழிக்கு மாற்றி, பெயர்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, பெட்டிக்குள் வரைபடமும் விதிநூலும் இசைத்தகடும் வைத்தார்கள். முதல் நாளிலேயே 18,000 பெட்டிகள் போயின. வாங்குபவரை மதித்தால் அவர் நகலைத் தேடமாட்டார் என்ற கணக்கு பலித்தது.

அந்தக் கணக்கின் மேல்தான் அடுத்த இருபது ஆண்டுகள் எழுந்தன. 2002-இல் சொந்த விளையாட்டுகளுக்கென ஸ்டூடியோ அமைந்தது. போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷெய் சப்கோவ்ஸ்கியின் கதைகளை ஒட்டி, 2007-இல் தி விட்சர் வந்தது. 2008-இல் நகல் தடுப்புப் பூட்டு எதுவும் இல்லாமல் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையைத் திறந்தார்கள். 2015-இல் வந்த மூன்றாம் விட்சர், சிறு சிறு கூடுதல் பகுதிகள் பதினாறைக் காசு வாங்காமல் தந்தது. பிற நிறுவனங்கள் குதிரைக்குப் போடும் கவசத்துக்கும் தனி விலை வைத்த காலம் அது. ஆகவே இந்த ஸ்டூடியோ என்ன செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நம்பிய பெருங்கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது.

பாண்ட்ஸ்மித்தின் உலகத்தை வீடியோ கேமாக ஆக்கப்போவதாக 2012 மே மாதம் அறிவிப்பு வந்தது. 2013 ஜனவரியில் வந்த முன்னோட்டம், தயாரானதும் வரும் என்பதற்கு மேல் தேதி எதையும் சொல்லவில்லை. விட்சர் வேலை முடியும்வரை பெரிய அணி இதில் இறங்கவில்லை. 2018-இல் ஆட்டத்தின் 48 நிமிடக் காட்சி வெளியானது. 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சி மேடையில் நடிகர் கீனு ரீவ்ஸ் தோன்றினார். ஜானி சில்வர்ஹேண்ட் என்ற மறைந்த ராக் பாடகனின் பாத்திரத்துக்கு முகமும் குரலும் தந்தவர் அவர். அன்று சொன்ன தேதி 2020 ஏப்ரல் 16. அது செப்டம்பர் 17 ஆயிற்று, பிறகு நவம்பர் 19, பிறகு டிசம்பர் 10. கட்டாய மிகைவேலை இராது என்று முன்பு கூறியிருந்த நிர்வாகம், செப்டம்பர் இறுதியில் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. வெளியீட்டுக்கு முன்பே 80 லட்சம் பிரதிகள் முன்பதிவாகியிருந்தன. அவற்றில் 59 சதவீதம் கணினிக்கானவை, எஞ்சியவை கன்சோல்களுக்கு.

விமர்சனங்கள் டிசம்பர் 7 அன்று வெளியாயின. வீடியோ கேம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி தரப்படும்; குறித்த நேரம்வரை அவர்கள் வாய் திறக்கக்கூடாது. இம்முறை கணினிப் பிரதி மட்டுமே தரப்பட்டது. தாங்கள் பதிவுசெய்த காட்சிகளை அவர்கள் காட்டவும் அனுமதி இல்லை. நிறுவனம் தந்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். தொடக்க மதிப்பெண்களின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டியிருந்தது. பிழைகள் நிறைய என்று பலர் எழுதினாலும் கன்சோலில் அது எப்படி ஓடும் என்பதை எழுத அவர்களில் எவருக்கும் வழி இல்லை. கன்சோலுக்கு முன்பதிவு செய்தவர்கள் எதை வாங்குகிறோம் என்று அறியாமலே பணம் கட்டியிருந்தார்கள்.

நல்ல கணினியில் கிடைத்த முதல் பார்வை உண்மையிலேயே பிரமிப்பு தருவது. வி என்ற பாத்திரத்தின் கண்வழியே எல்லாம் தெரிகிறது. மழையில் நனைந்த தெருவில் நியான் ஒளி சிதறுகிறது. ஒரு மேம்பாலத்துக்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் விளம்பரப் பலகைகள். உரையாடலின்போது எதிரில் இருப்பவர் எழுந்து நடப்பார், சுவரில் சாய்வார், சிகரெட் பற்றவைப்பார். பொம்மைபோல நின்று பேசும் பழைய பாணி இதில் இல்லை. நாடோடி, தெருப் பிள்ளை, கம்பெனி ஊழியர் என மூன்று பூர்வீகங்களில் ஒன்றைத் தேர்ந்து தொடங்கலாம். அந்தத் தேர்வு அரைமணி நேர முன்கதைக்குப் பிறகு சில உரையாடல் வரிகளாகச் சுருங்கிவிடுவது வேடமேற்று ஆட வந்தவர்களுக்கு ஏமாற்றமே. ஜாக்கி என்ற நண்பனுடனான ஆறு மாதக் காலத்தை ஒரு சிறு காட்சித் தொகுப்பு விரைந்து கடந்துவிடுகிறது. அராசகா கம்பெனியிடமிருந்து ஒரு சில்லைத் திருடும் வேலை விபரீதமாக முடிந்து, சில்லில் இருந்த ஜானியின் நினைவு வியின் தலைக்குள் குடியேறும்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. விளையாட்டின் பெயரே அந்தக் கட்டத்தில்தான் திரையில் வருகிறது. அதற்குள் பலர் ஐந்தாறு மணி நேரம் ஆடியிருப்பார்கள்.

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களில் கண்டது வேறு. அவை 2013-இல் வந்த இயந்திரங்கள். உள்ளே மெதுவாகச் சுழலும் வன்தட்டு. நைட் சிட்டி முழுவதும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருப்பதில்லை. ஆடுபவர் நகர நகர, அடுத்த தெருவின் கட்டடமும் ஆட்களும் வட்டிலிருந்து ஏற்றப்பட வேண்டும். காரில் வேகமாகப் போனால் வட்டு பின்தங்கிவிடும். சுவர்கள் களிமண் பூச்சாகத் தெரிந்து சில நொடி கழித்தே உருவம் பெற்றன. கூட்டம் மறைந்தது, காட்சி திக்கியது, விளையாட்டு அடிக்கடி நின்றே போனது. எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான குறைகளும் இருந்தன. ஆட்கள் கையை விரித்தபடி சிலைபோல் நின்றார்கள்; ஆளற்ற மாடியில் குற்றம் செய்தாலும் போலீசார் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றிலிருந்து முளைத்தார்கள். சிரிப்புக்கு இடம் தராத குறையும் ஒன்று உண்டு. பிறர் நினைவுக்குள் நுழையும் காட்சியில் மின்னிய ஒளி, வலிப்பு நோயுள்ள விமர்சகர் ஒருவருக்கு வலிப்பை வரவழைத்தது. அந்தக் காட்சி சில நாட்களிலேயே மாற்றப்பட்டது.

டிசம்பர் 14 அன்று நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. பழைய கன்சோல்களில் விளையாட்டை முன்கூட்டியே காட்டாதது தவறு என்று ஒப்புக்கொண்டு, அதிருப்தி உள்ளவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றது. சோனியின் இணையக் கடையிலோ, பதிவிறக்கிய விளையாட்டுக்குப் பணம் திருப்புவது வழக்கமில்லை. கேட்டவர்கள் இரு நிறுவனங்களுக்கும் இடையே அலைந்தார்கள். சில நாட்களில் சோனி எல்லோருக்கும் பணம் தருவதாக அறிவித்து, விளையாட்டையே கடையிலிருந்து எடுத்துவிட்டது. இவ்வளவு பெரிய வெளியீட்டுக்கு அதுவரை இப்படி நேர்ந்ததில்லை. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கைக் குறிப்போடு விற்பனையைத் தொடர்ந்தது. இத்தனைக்கும் திருப்பித் தந்தவை போக டிசம்பர் 20-க்குள் 1.3 கோடி பிரதிகள் விற்றிருந்தன. நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு 18.5 லட்சம் டாலரில் தீர்ந்தது.

திருத்தங்கள் வரத் தொடங்கின. 2021 ஜூன் 21 அன்று விளையாட்டு சோனியின் கடைக்குத் திரும்பியது. 2022 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5-க்கும் புதிய எக்ஸ்பாக்ஸுக்குமான பதிப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான எட்ஜ்ரன்னர்ஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடர், இயந்திர உறுப்புகளுக்குக் கொடுக்கும் மனித விலையை மையமாக்கியது. பாண்ட்ஸ்மித்தின் விதி அப்படியே அதில் உயிர் பெற்றது. விட்டுப்போனவர்கள் கூட்டமாக விளையாட்டுக்குத் திரும்பினார்கள். 2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 திருத்தம் அடித்தளத்தையே மாற்றியது. போலீசார் இப்போது வண்டியில் துரத்தினார்கள்; உடல் எத்தனை உறுப்புகளைத் தாங்கும் என்பதற்கு எல்லை வந்தது. ஐந்து நாள் கழித்து ஃபேண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதை வெளியாகிப் பரவலான பாராட்டைப் பெற்றது. இவ்விரண்டும் கணினிக்கும் புதிய கன்சோல்களுக்கும் மட்டும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இயந்திரங்களுக்கான பெரிய திருத்தங்கள் 2022 செப்டம்பரில் வந்த 1.6-உடன் முடிந்துவிட்டன.